பல்லுக்கொதிக்கு நித்திரைக் குளிசை

ஆசிரியர் அவர்களுக்கு,

என் தம்பிக்கு வயது 34. பிறவியிலேயே டவுன் சின்ட்ரோம் (அறிவு வளர்ச்சி மெதுவாகும் நிலை) உள்ளவன். நாலைந்து சொல்லுக்கு மேல் பேச வராது. போன மாசியில் திடீரென்று சாப்பாட்டைத் தள்ளினான், இரவெல்லாம் தன் கன்னத்தில் தானே அடித்தான். வெள்ளணவே ஆஸ்பத்திரிக்குப் போய் ஓ.பி.டி.யில் (வெளிநோயாளர் பிரிவில்) துண்டு எடுத்து மூன்று மணித்தியாலம் நின்றோம். சனமும் சத்தமும் கூடக்கூட அவன் கத்தத் தொடங்கிவிட்டான். உள்ளே போனால், வைத்தியர் அவன் வாயைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "இவையளுக்கு இப்பிடி வாறதுதானே அம்மா" என்று நித்திரைக் குளிசை எழுதித் தந்தார். ஒன்பதாம் நாள் கன்னம் வீங்கிய பிறகுதான் கடைவாய்ப் பல்லடியில் சீழ் கட்டியிருந்தது தெரிந்தது.

அவரை மட்டும் குறை சொல்லேலாது. நாங்களும் அப்படித்தான். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்குக் கழுத்திலுள்ள தைரொய்ட் சுரப்பியின் சுரப்புக் குறைவது சாதாரணம், குறைந்தால் உடம்பு சோர்ந்துவிடும். ஓர் இரத்தப் பரிசோதனையில் பிடித்துவிடலாம். ஆனால் சோர்ந்து படுத்தால் "பஞ்சி பிடிச்சவன்" என்று ஏசுவதுதான் வீட்டு வழக்கம். காது மந்தமானால் "சொல்வழி கேளான்". சின்ன வயதில் அவனுக்குப் பிள்ளை வைத்தியரின் கிளினிக் இருந்தது. வளர்ந்த பிறகு அவனைக் கூப்பிட்டுப் பார்க்க எந்தக் கிளினிக்கும் இல்லை.

நான் புதுக் கட்டடம் கேட்கவில்லை. கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒரு குறிப்பு போதும்: எப்படிப் பேசுவான், நொந்தால் என்ன செய்வான், எதற்குப் பயப்படுவான். அதைக் கண்டதும் மிஸ்மார் முன்னுக்கு விடவேண்டும். (வரிசையில் நிற்பவர்கள் ஏசுவார்கள்தான். ஏசட்டும், எங்களுக்குப் பழகிவிட்டது.) வருடத்தில் ஒரு நாளாவது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பல், காது, கண், தைரொய்ட் எல்லாம் சேர்த்துப் பார்க்கலாம். எந்த வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்பது வீடு வீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தருக்குத் தெரியாமல் இராது. நெடுந்தீவுத் தாய் ஒருத்தி, கூட்டத்தைக் கண்டாலே கத்தும் மகனோடு குறிகாட்டுவானுக்குப் படகேறி, அப்புறம் பஸ் பிடித்து யாழ்ப்பாணம் வருவதை யோசித்துப் பாருங்கள். ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் சமவாயத்தின் 25 ஆம் உறுப்புரை, மருத்துவ சேவை அவர்கள் வாழும் இடத்துக்குக் கிட்ட, கிராமங்களிலும் கிடைக்கவேண்டும் என்கிறது. இலங்கை அதை 2016 இல் ஏற்றுக்கொண்ட நாடு.

தம்பிக்குப் பல் பிடுங்கியாயிற்று. இப்போது வெள்ளைச் சட்டையைக் கண்டாலே கன்னத்தைப் பொத்திக்கொள்கிறான். மற்றப் பக்கத்திலும் ஒரு சூத்தைப் பல் இருக்கிறது, அதை எப்படிக் காட்டப் போகிறேனோ தெரியவில்லை.

ஓர் அக்கா,
கோண்டாவில்.