களி கிண்ட பாத்திரம் பிடித்தவர்களுக்கு

பாலக்கோட்டு உறவுகளுக்கும், ஜெர்மனியின் டார்ட்முண்ட் நகரில் எனக்குத் துணையாக நின்றவர்களுக்கும் வணக்கம்.

முதுகலைப் படிப்பு முடிந்து பட்டச் சான்றிதழும் கைக்கு வந்துவிட்டது. ஊருக்கு வந்ததும் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து நன்றி சொல்லத்தான் நினைத்தேன். உதவியவர்களில் பாதிப் பேர் ஜெர்மனியில் இருக்கிறார்கள். இங்கே இருப்பவர்களோ, பேச்சை ஆரம்பித்தாலே "இதுக்கெல்லாம் நன்றியா? முதல்ல சாப்பிடு" என்று இலை போட்டுவிடுகிறார்கள். அதனால் எல்லோருக்கும் சேர்த்துப் பொதுவில் எழுதுகிறேன்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது 2020 அக்டோபரில், கொரோனா உச்சத்தில் இருந்த நேரம். வகுப்பறை எப்படி இருக்கும் என்றே தெரியாமல் முதல் பருவம் முழுக்க விடுதி அறையில் லேப்டாப் முன்னால் ஓடியது. நவம்பரில் உணவகங்களில் உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினார்கள். டிசம்பர் நடுவில் மளிகை, மருந்துக் கடை போன்ற அவசியக் கடைகள் தவிர மற்றவையும் மூடிவிட்டன. சமைத்தால்தான் சாப்பாடு. அந்தச் சாப்பாடு நம்மூர்ச் சாப்பாடாக இருந்ததால்தான் என்னால் நிலைகுலையாமல் படிக்க முடிந்தது. அது என் ஒருவன் கையால் நடந்த காரியம் இல்லை.

முதல் நன்றி எங்கள் தெரு மாவு மில் அண்ணனுக்கு. வெளிநாட்டுக்கு என்று அம்மா சொன்னதும், ராகியைத் தானே ஒருமுறை புடைத்து, கல் பார்த்தார். அதற்கு முன்னால் யாரோ மிளகாய் அரைத்திருந்தார்கள். அந்த வாசம் ஒட்டக்கூடாது என்று கொஞ்சம் ராகியை ஓட்டி, அந்த மாவைத் தனியே ஒதுக்கிவிட்டு, அப்புறம்தான் எங்களுடையதைப் போட்டார். அரைத்த சூட்டோடு கட்டினால் மாவு வியர்த்துக் கெட்டுப்போகும் என்று வெள்ளைத் துணியில் பரப்பி ஆறவிட்டார். நாங்கள் அவசரப்பட்டும் விடவில்லை. அண்ணே, அந்த மாவு கடைசிப் பிடி வரை கசக்கவில்லை, பூச்சி வைக்கவில்லை.

பெட்டியில் அடங்கும்படி காம்பைக் குறுக்கி, புளியங்கட்டையில் களித் துடுப்பு செய்து கொடுத்த ஆசாரித் தாத்தாவுக்கும், சான்றிதழ்களை எழுத்து தெளிவாக விழும்வரை திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்து கொடுத்த இ-சேவை மையத் தம்பிக்கும் நன்றி. நெய் ஜாடியைப் பெட்டியிலிருந்து எடுக்கச் சொன்ன மாமாவுக்கும் கடன்பட்டிருக்கிறேன். பால் பொருள், இறைச்சி எதையும் இங்கிருந்து ஐரோப்பாவுக்குள் எடுத்துப் போகக் கூடாது என்று விசாரித்து வைத்திருந்தவர் அவர்தான்.

இனி களிக்கு வருகிறேன். களி செய்தவர்களுக்குத் தெரியும், அது ஒற்றை ஆள் வேலை இல்லை. நொய் குழைய வெந்ததும் மாவை நடுவில் குவித்துக் கொட்டி, துடுப்புக் காம்பால் குழி குத்தி மூடிவிட வேண்டும். மாவு வேகும் முன்னே கிண்டினால் கட்டி தட்டும். வெந்த பிறகு கை ஓயாமல் கிண்ட வேண்டும். வீட்டில் அம்மா பானையைக் கீழே இறக்கி, துணியைச் சுற்றி, இரண்டு பாதத்தாலும் அணைத்துக்கொண்டு கிண்டுவார். விடுதியின் பொதுச் சமையலறையில் வழவழப்பான மின்னடுப்பின் மேல் பாத்திரம் துடுப்போடு சேர்ந்து சுற்றியது. பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த உகாண்டா நாட்டுத் தோழி ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு துண்டை எடுத்துவந்து பாத்திரத்தின் இரு காதுகளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கிண்டு என்று தலையசைத்தார். அவர்கள் வீட்டிலும் இதே தானியத்தில் களி கிண்டுவார்களாம். கலோ என்பார்களாம். ராகியின் பூர்வீகமே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம்தான் என்று படித்திருக்கிறேன். படித்தது வேறு, அந்தத் தானியத்தைத் தலைமுறையாகக் கிண்டிய கை எனக்காகப் பாத்திரம் பிடித்தது வேறு. ஈரக்கையால் தொட்டுப் பார்த்து, ஒட்டவில்லை, வெந்துவிட்டது என்று முதலில் சொன்னதும் அவர்தான். தோழி, உனக்கு என் முதல் உருண்டையும் முழு நன்றியும்.

தொற்றுக்குப் பயந்து, சமையலறையில் இரண்டு பேருக்கு மேல் நிற்கக் கூடாது என்று நேரம் பிரித்திருந்தார்கள். எனக்குக் கிடைத்தது நடுமதியம். பன்னிரண்டேகால் வகுப்பும் அப்போதுதான். அங்கே கைகொடுத்தவர் ஓசூர் நண்பர். விசா தாமதமானதால் அவர் அந்தப் பருவம் முழுக்க ஓசூரில் இருந்தபடியே அதே வகுப்பைக் கவனித்தார். குளிர்காலத்தில் நமக்கும் ஜெர்மனிக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். என் அடுப்பு நேரம் அவருக்கு மாலை நாலே முக்கால். அந்த வகுப்புக்கு அவர் குறிப்பெடுத்து அனுப்புவார். அங்கே மாலை நாலேகாலுக்கு நடக்கும் வகுப்பு ஓசூரில் இரவு எட்டே முக்கால். கரண்ட் போனாலும் நெட் விட்டுப்போனாலும் அதற்கு நான் எழுதி அனுப்புவேன். அவர் குறிப்பில் ஒரு சமன்பாடுகூட விடுபட்டதில்லை. விசா கிடைக்காமல் தவித்த மனநிலையிலும் இன்னொருவருக்காக அவ்வளவு பொறுமையாக எழுதியதை நான் மறக்க மாட்டேன். அன்றன்றைய விரிவுரையின் பதிவை அன்று மாலையே கொடுத்துவந்த பேராசிரியருக்கும் எங்கள் இருவர் சார்பிலும் வணக்கம்.

மாவு தீர்ந்த பிறகு என்னைத் தாங்கியது ஈழத் தமிழ்க் கடை அக்கா. டார்ட்முண்டிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் ஈழத் தமிழர்கள் நிறைய. பக்கத்து ஹாம் நகரில் 2002-இல் காமாட்சி அம்பாள் கோவிலை எழுப்பியவர்களும் அவர்கள்தான். போரால் ஊரை விட்டு வந்தவர்கள், படிக்க வந்த ஒருவனின் சாப்பாட்டைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டார்கள். "தம்பி, முருங்கையிலை வந்திருக்கு, உங்களுக்கெண்டு ஒரு கட்டு எடுத்து வைச்சிருக்கிறன்" என்று போன் செய்வார் அக்கா. குரக்கன் மாவு (ராகி மாவைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள்), புளி, கொள்ளு எல்லாம் அவர் கடையில்தான். பணத்தை மாதக் கடைசியில் வாங்கிக்கொள்வார். அந்த முருங்கையிலைக் கடைசலும் களியும் சாப்பிட்ட நாளில் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மனம் வராது.

அப்புறம் அம்மா. இங்கே இரவு ஒன்பதரை, அங்கே மாலை ஐந்து. பகலெல்லாம் தக்காளித் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு, தூக்கத்தைத் தள்ளிப்போட்டு போனில் முகம் காட்டினார். குளிரில் கூழ் புளிக்கவில்லை என்றதும், சூடு எங்கே வருகிறது என்று கேட்டு, ஜன்னலுக்குக் கீழே இருந்த ஹீட்டர் பக்கத்தில் சட்டியைத் துணி சுற்றி வைக்கச் சொன்னார். ஜெர்மனியைப் பார்த்திராத அம்மா சொன்ன இடத்தில்தான் கூழ் புளித்தது. அம்மா, நேரில் சொன்னால் நீங்கள் திட்டுவீர்கள், அதனால் இங்கே சொல்கிறேன். நன்றி.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வெளிநாடு கிளம்பும் தம்பி தங்கைகளே, என்ன எடுத்துப் போகலாம், எது கூடாது, மின்னடுப்பில் களி எப்படி என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி மாவு மில்லில் கொடுத்து வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் அண்ணன் தருவார்.

அன்புடன்,
பாலக்கோட்டிலிருந்து
உங்கள் வீட்டுப் பிள்ளை