சதவீதம் சரி, பணம் எங்கே போகிறது?

ஆசிரியருக்கு,

பிரிட்டன் தன் வெளிநாட்டு உதவியை 2027-க்குள் தேசிய வருமானத்தில் 0.3 சதவீதமாகக் குறைக்கப்போவது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 0.7 இருந்தது 0.5 ஆகி, இப்போது 0.3-க்கு இறங்குகிறது, கஷ்டம்தான். ஆனால் மிச்சமிருக்கும் பணமாவது எங்கே போகிறது என்று நீங்கள் கேட்கவே இல்லையே?

2023-இல் அந்த நாட்டின் உதவிப் பணத்தில் 28 சதவீதம், அதாவது சுமார் 430 கோடி பவுண்டு, பிரிட்டனுக்குள்ளேயே அகதிகளுக்காகச் செலவானது, அதில் பெரும்பகுதி ஓட்டல் வாடகை. அகதிகளைக் கவனிக்க வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை, ஆனால் அதை ஏழை நாடுகளுக்கான கணக்கில் ஏன் எழுத வேண்டும்? உதவிப் பணத்தைக் கணக்கிடும் சர்வதேச விதி அதை அனுமதிக்கிறது என்பார்கள்.

இதை மாற்ற முடியாது என்றும் சொல்ல முடியாது. மலேசியாவின் பெர்காவ் அணைக்கு பிரிட்டன் 23.4 கோடி பவுண்டு உதவி கொடுத்தது. திட்டம் கட்டுப்படியாகாது என்று பிரிட்டனின் வெளிநாட்டு உதவித் துறையின் மூத்த அதிகாரியே எழுதி வைத்தும் கொடுத்தார்கள், ஆயுத விற்பனைதான் பின்னணி என்று பேச்சு அடிபட்டது. வேர்ல்டு டெவலப்மென்ட் மூவ்மென்ட் என்ற அமைப்பு கோர்ட்டுக்குப் போய், அந்த உதவி சட்டவிரோதம் என்று 1994-இல் தீர்ப்பு வாங்கியது. அப்புறம் 2002-இல் உதவியின் நோக்கம் வறுமை ஒழிப்பு என்று சட்டமே வந்தது.

2005-இல் பிரிட்டனில் 500-க்கும் மேற்பட்ட அமைப்புகள் 'மேக் பாவர்ட்டி ஹிஸ்டரி' (வறுமையை வரலாறாக்குவோம்) என்று ஒன்றாகச் சேர்ந்தன. எடின்பரோவில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் ஊர்வலம் போனார்கள், கையில் அந்த இயக்கத்தின் அடையாளமான வெள்ளைப் பட்டை. அவர்கள் கேட்டது கூடுதல் உதவி மட்டுமல்ல, தரமான உதவியும்தான். அந்த ஆண்டு ஜி-8 என்ற பெரிய நாடுகளின் குழு 18 ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்ய ஒப்புக்கொண்டது. 2010-க்குள் ஆண்டு உதவியை 5,000 கோடி டாலர் கூட்டுவோம் என்றதுதான் முழுசாக நடக்கவில்லை.

தொண்டு நிறுவனங்கள் இப்போதும் அப்படிச் சேர வேண்டும். வெறும் 'குறைக்காதே' என்று மட்டும் கேட்டால், தங்கள் நிதிக்காகக் கத்துகிறார்கள் என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். ஓட்டல் பில்லை உள்துறையின் தலையில் கட்டு என்று ஒரே குரலில் கேட்டால் அரசு பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இதில் அந்தத் தொண்டு நிறுவனங்களுக்கே சங்கடமான ஒன்றும் இருக்கிறது. மனிதாபிமான நிதியில் 25 சதவீதத்தை அந்தந்த நாட்டு அமைப்புகளிடம் முடிந்தவரை நேரடியாகக் கொடுப்போம் என்று நன்கொடை நாடுகளும் பெரிய தொண்டு நிறுவனங்களும் 2016-இல் ஒப்பந்தம் போட்டன. கெடு 2020. அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. பணம் நடுவில் கை மாறுவது அந்தப் பெரிய நிறுவனங்கள் வழியாகத்தானே! அடுத்த கட்டுரையில் அவர்களிடமும் இதைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி