நன்றி நவிலல்: எங்கள் மாமிக்குத் துணை நின்றவர்களுக்கு

எங்கள் மாமி காலமாகி இன்று 31 ஆம் நாள். செய்தி கேட்டு ஓடி வந்தவர்களுக்கும், மலர்வளையம் வைத்தவர்களுக்கும், கொட்டும் பனிக்குள் கார் ஓட்டி வந்து தேவாலயத்தில் எங்களோடு நின்றவர்களுக்கும் முதலில் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாமியைப் போன்ற வெள்ளைக்காரர்களுக்கு 31 ஆம் நாள் நினைவு என்று ஒன்று கிடையாது. யாழ்ப்பாணத்து மருமகள் நான் வைத்துக்கொண்டேன். இவரும் மச்சாள்மாரும் மறுக்கவில்லை.

மாமியின் கட்டிலடி லாச்சிக்குள் ஒரு கொப்பி இருந்தது. தனக்கு உதவியவர்களை அதில் எழுதி வைத்திருக்கிறார். பாதிப் பேருக்குப் பெயரே இல்லை. அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

முதற் பக்கத்தில் 1946 பெப்ரவரி. இரண்டாம் உலகப் போரில் கனடியச் சிப்பாய்களைக் கலியாணம் கட்டி, 1942 முதல் 1948 வரை இங்கே கனடாவுக்கு வந்து சேர்ந்த சுமார் 48,000 மனைவிமாரில் மாமியும் ஒருவர். பெரும்பாலானோர் பிரித்தானியப் பெண்கள். கப்பற்கூலியைக் கனடிய அரசாங்கம் கொடுத்தது. மாமி வந்தது மொறிட்டேனியா கப்பலில். வயது 21, கையில் எட்டு மாதக் குழந்தை. நாலு வருஷம் போர்க்காலத்துச் சாம்பல் நிறப் பாணே தின்றவர், கப்பலின் முதற் சாப்பாட்டில் வெள்ளைப் பாணைக் கண்டு அழுதாராம். ஒரு துண்டைக் கைலேஞ்சியில் சுற்றி அம்மாவுக்கு என்று எடுத்து வைத்தபிறகுதான், கப்பல் வீட்டைவிட்டுப் போய்க்கொண்டிருப்பது நினைவுக்கு வந்ததாம்.

பெப்ரவரி 10 ஆம் திகதி ஹலிஃபாக்ஸ் துறைமுகத்தில் 21 ஆம் இறங்குதுறை. அங்கே குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "நீ போய் முகம் கழுவு பிள்ளை" என்று சொன்ன செஞ்சிலுவைச் சங்கப் பெண்ணே, உங்களுக்கு நன்றி. சஸ்கட்சுவான் மாகாணத்துக்குப் போகும் ரயிலில் இரவிரவாகப் பால் சூடாக்கித் தந்த ஊழியரே, உங்களுக்கும். கொப்பியில் உங்கள் பெயர் "பால் தந்தவர்" என்று மட்டும் இருக்கிறது.

பண்ணை வீட்டில் மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. கிணற்றில் அள்ளி, விறகடுப்பில் சூடாக்கித் தோய்த்த குழந்தைத் துணி, கொடியில் போட்ட உடனே பலகை போல விறைத்துக் கயிற்றோடு ஒட்டிவிடும். இழுத்தால் கிழியும். ஒரு மைல் தள்ளி இருந்த உக்ரேனிய அம்மாவுக்கு ஆங்கிலம் பத்துச் சொல்கூடத் தெரியாது. அவர் வந்து, கடைசியாக அலசும் தண்ணீரில் ஒரு பிடி உப்பைப் போட்டுக் காட்டினார். உப்புத் தண்ணீர் இலகுவில் உறையாது. துணி கயிற்றில் ஒட்டவும் இல்லை.

இங்கிலாந்தில் மாமியின் தாய் இறந்த செய்தி, அடக்கம் முடிந்து மூன்று கிழமை கழித்துத்தான் கடிதமாக வந்தது. அன்று மூன்று மாட்டுக்கும் பால் கறந்து, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் விடியும்வரை மாமியின் பக்கத்தில் இருந்தவரும் அதே உக்ரேனிய அம்மாதான். கொப்பியில் அவருக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம். அம்மா, உங்கள் பிள்ளைகள் எங்கே இருந்தாலும் இது அவர்கள் கண்ணில் படவேண்டும்.

1991 இல் நான் மருமகளாக வந்தபோது யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி இல்லை. கடிதங்கள் மாதக்கணக்கில் எடுக்கும். மாமி என்னுடைய நிறத்தைப் பற்றியோ சமையலைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. தினமும் மத்தியானம் கேட்டது ஒன்றுதான்: "அம்மாவிடமிருந்து தபால் வந்ததா?" ஏன் அப்படிக் கேட்டார் என்று கொப்பியைப் படித்தபிறகுதான் எனக்கு விளங்கியது. மாமி, உங்களுக்கு நேரில் சொல்லாமல் விட்டுவிட்டேன். நன்றி.

கடைசி நாட்களில் முறை வைத்துச் சூப்பும் கஞ்சியும் கொண்டுவந்த எங்கள் தெருத் தமிழ்ச் சனத்துக்கும், காலையில் வந்து தலை வாரிவிட்ட பராமரிப்பாளருக்கும், ஞாயிறு தவறாமல் வந்து செபம் சொன்ன போதகருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

கை நடுங்கத் தொடங்கியபின் கொப்பியில் எழுத்து கோணிப்போகிறது. கடைசி வரி, "இரவில் என் கையைப் பிடித்திருக்கும் பிள்ளை". அது இரவு வேலை செய்த இளந்தாதி. நேற்றுப் போய் அவருடைய பெயரைக் கேட்டு, அந்த வரிக்குப் பக்கத்தில் எழுதிவிட்டேன்.