குறுக்கு வலிக்கு மார்க் போடும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

நெல்லை, தென்காசிப் பக்கம் முதுகு வலிக்கு வைத்தியம் பார்க்கும் பிசியோதெரபி, எலும்பியல் நண்பர்களுக்கு,

வணக்கம். நானும் உங்களில் ஒருத்திதான். குறுக்கு வலி என்று வருகிறவர்களிடம் நாம் நீட்டும் கேள்விப் படிவங்களைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

1980-இல் வந்த ஆஸ்வெஸ்ட்ரி, 1983-இல் வந்த ரோலண்ட்-மோரிஸ், இரண்டும் இங்கிலாந்துச் சரக்கு. முதுகு வலி அன்றாட வேலையை எவ்வளவு முடக்குகிறது என்று மார்க் போட்டு அளப்பவை, மார்க் கூடினால் பாதிப்பு கூடுதல். நல்ல படிவங்கள்தான். ஆங்கிலத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, வாய்க்கு வந்தபடி தமிழில் கேட்டு மார்க் போடுகிறோமே, அதுதான் உறுத்துகிறது. முதல் நாள் நீங்கள் ஒரு மாதிரி கேட்கிறீர்கள், ஆறு வாரம் கழித்துப் பயிற்சி மாணவர் வேறு மாதிரி கேட்கிறார். மார்க் குறைந்திருந்தால், வலி குறைந்ததா கேள்வி மாறியதா என்று யார் சொல்வது?

முக்கூடல் பக்கமிருந்து பீடி சுற்றும் அம்மா ஒருவர் வருகிறார். ரோலண்ட்-மோரிஸில் முதல் வாக்கியமே, முதுகு வலியால் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கிறேன் என்பது. ‘ஆமா’ என்கிறார். வலி வருவதற்கு முன்னாலும் மடியில் சுளகோடு வீட்டில்தான் இருந்தார். ஆனாலும் ஒரு மார்க் ஏறிவிடுகிறது. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து ஏறுகிறீர்களா என்றால், ஓட்டு வீட்டில் மாடிக்கு எங்கே போவது? அதற்கு மார்க் இல்லை. வழக்கத்தைவிட அதிகம் எரிந்து விழுகிறீர்களா என்ற கேள்விக்கு, கூட வந்த மாமியாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு ‘இல்லை’ என்கிறார். ஆஸ்வெஸ்ட்ரியோ எவ்வளவு நேரம் நாற்காலியில் உட்கார முடியும் என்று கேட்கிறது. “சேர்ல நான் எங்கம்மா இருக்கேன்? தரையில இருந்து எந்திக்கதுக்குள்ள உசுரு போயிருது.” தரையிலிருந்து எழுவதைப் பற்றி ஆஸ்வெஸ்ட்ரியில் கேள்வியே கிடையாது.

அப்புறம் ஆஸ்வெஸ்ட்ரியில் தாம்பத்தியம் பற்றிய கேள்வி. மகன் பக்கத்தில் நின்று படித்துக் காட்டினால் எந்தத் தாய் பதில் சொல்வாள்? பொருந்தாவிட்டால் விட்டுவிடலாம் என்று படிவமே சொல்கிறது. விட்டால் கணக்கை மாற்ற வேண்டும், நம்மில் பலர் அங்கேதான் கோட்டைவிடுகிறோம். பத்துப் பிரிவுக்கு மொத்தம் 50. இரண்டு பிரிவு விடுபட்டால் 40-ஆல் வகுக்க வேண்டும். 20 எடுத்தவருக்கு 50 சதவீதம், கடுமையான பாதிப்பு. வழக்கம்போல் 50-ஆல் வகுத்தால் 40 சதவீதம், நடுத்தரம் என்று எழுதி அனுப்பிவிடுவோம். கூச்சப்பட்டதற்குத் தண்டனை மாதிரி.

வழி இல்லாமல் இல்லை. இப்படிப்பட்ட படிவங்களை வேறு மொழிக்குக் கொண்டுவர 2000-இல் பீட்டன் என்ற ஆய்வாளரின் குழுவினர் வகுத்த முறை நமக்குத் தெரிந்ததுதான்: இருவர் தனித்தனியே மொழிபெயர்த்து, இரண்டையும் ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத இருவர் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய், குழு கூடிப் பார்த்து, கடைசியில் 30 முதல் 40 பேரிடம் சோதிப்பது. முதல் நான்கும் உட்கார்ந்த இடத்திலேயே முடிகிற வேலை. கடைசிதான் உயிர். அந்த 30 பேர் மாணவர்களின் சொந்தக்காரர்களாக இருந்தால் பிரயோஜனமில்லை. பத்தமடையில் பாய் நெய்கிறவர், ஆலங்குளத்தில் களை எடுக்கிறவர், பீடிக்காரம்மா எல்லாரும் வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் “என்ன கேக்கோம்னு வெளங்குது?” என்று அவர்களிடமே கேட்க வேண்டும்.

ஒழுங்காகச் செய்த தமிழ் வடிவம் கைக்குக் கிடைத்தால் முதலில் அதையே எடுத்து இங்கே சோதிப்போம். ஆளுக்கொரு கேள்வியைத் திருத்தாதீர்கள். ஒருவர் மார்க்கை மற்றவரோடு ஒப்பிட முடியாமல் போகும். ஆஸ்வெஸ்ட்ரிக்குப் பதிப்புரிமையும் உண்டு, அனுமதி கேட்க வேண்டும். ரோலண்ட்-மோரிஸுக்கு அந்தத் தொல்லை இல்லை, அதில் தொடங்கலாம் என்பது என் கட்சி. கங்கைகொண்டான் சிப்காட்டிலிருந்து வரும் வடமாநிலத் தொழிலாளியிடம் அரைகுறை இந்தியில் கேட்பதும் இதே கதைதான். அதையும் பிறகு பார்க்க வேண்டும்.

அடுத்த முறை கூடும்போது, நீங்கள் வைத்திருக்கும் தாளையும் அது எங்கிருந்து வந்தது என்ற விவரத்தையும் கொண்டுவாருங்கள். மொழிபெயர்ப்பில் ஒரு பங்கும், முக்கூடல் பக்கம் சோதிக்கும் வேலையும் என் பொறுப்பு.

அன்புடன்,
அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட்