ஒரே அட்ரினலின், இரண்டு வேலை

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. மகள் வேலையில் சேர்ந்ததில் ரொம்ப சந்தோஷம், நான் விசாரித்ததாகச் சொல். முழங்கால் வலியைப் பற்றி மட்டும் மூச்சுவிடவில்லையே நீ! அடுத்த கடிதத்திலாவது மழுப்பாமல் எழுது. இங்கே எல்லோரும் சுகம்.

ரத்தக் குழாயை இறுக்குகிற அட்ரினலின் மூச்சுக்குழாயை மட்டும் ஏன் தளர்த்துகிறது என்று கேட்டிருந்தாய். அட்ரினலின் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அதைப் பிடிக்கிற ஏற்பிதான் வேறு. ரத்தக் குழாய்த் தசையில் பெரும்பாலும் ஆல்பா-1, மூச்சுக்குழாய்த் தசையில் பீட்டா-2. இரண்டுமே செல் சவ்வை ஏழு சுருள்களாக ஏழு முறை ஊடுருவி வளையும் புரதங்கள். ஏற்பியின் செய்தியைச் செல்லுக்குள் கடத்துபவை ஜி-புரதங்கள். ஆனால் ஆல்பா-1 உள்ளே தூண்டுவது அவற்றில் ஜிகியூ (Gq) வகையை. கால்சியம் ஏறும், தசை சுருங்கும். பீட்டா-2 தூண்டுவது ஜிஎஸ் (Gs) வகையை. செல்லுக்குள் செய்தி கடத்தும் சிறு மூலக்கூறான சைக்ளிக் ஏஎம்பி கூடும், தசை தளரும்.

எது எதைத் தூண்டும் என்பது எங்கே முடிவாகிறது? 2011-இல் பிரையன் கோபில்காவின் குழு, பீட்டா-2வும் ஜிஎஸ்ஸும் சேர்ந்திருக்கும் நிலையைப் படிகமாக்கிப் பார்த்தது. ஏழில் ஆறாவது சுருளின் உள்முனை 14 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) வெளியே விலகியிருந்தது. அணுக்களின் உலகத்தில் அது பெரிய தூரம். அப்படித் திறந்த குழிக்குள் ஜிஎஸ்ஸின் வால்நுனி புகுந்து உட்கார்ந்திருந்தது. (இதே ஏற்பிகளை ஆராய்ந்த லெஃப்கோவிட்ஸோடு சேர்த்து அடுத்த ஆண்டே கோபில்காவுக்கு நோபல்.) ஜிஐ (Gi) என்ற இன்னொரு ஜி-புரத வகையைத் தூண்டும் ஏற்பிகளில் ஆறாவது சுருள் பொதுவாக இவ்வளவு விலகுவதில்லை. ஜிஎஸ்ஸின் நுனி பருமன், அந்தக் குறுகிய குழிக்குள் சரியாகப் பொருந்தாது. ஜிஐயின் நுனி சிறியது. அகலமான குழிக்குள்ளும் அதற்கு இடம் கிடைக்கலாம். பீட்டா-2 சில சமயம் ஜிஐயையும் தூண்டுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. குழி மட்டுமே எல்லாம் என்று நினைத்துவிடாதே, சுருள்களை இணைக்கும் உள்வளையங்களுக்கும் இதில் பங்குண்டு.

பூட்டும் சாவியும் என்று நாம் படித்த கதை இங்கே பாதிதான் செல்லும். ஒரே ஏற்பியில் வேறு வேறு மருந்து ஒட்டினால் உள்பக்க வடிவமும் கொஞ்சம் மாறும். ஜி-புரதத்துக்கும், ஏற்பியோடு ஒட்டும் இன்னொரு புரதமான அரெஸ்டினுக்கும் கிடைக்கிற தூண்டுதலின் விகிதமும் மாறும். அரெஸ்டின் பக்கம் அதிகம் போகாது, அதனால் மூச்சையும் அவ்வளவு மந்தமாக்காது என்ற எதிர்பார்ப்போடு வந்த வலிநிவாரணி ஒலிசெரிடினுக்கு 2020-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனாலும் மூச்சு மந்தமாகும் என்ற எச்சரிக்கை அதன் மேலும் இருக்கிறது. எனக்கென்னவோ அந்த எதிர்பார்ப்பு கொஞ்சம் அவசரமாகவே பட்டது. நீ என்ன நினைக்கிறாய், எழுது.

அன்புடன்,
உன் நண்பன்