எல்லாமே சியாவ்வூ ஆகிவிடாது

சீன மாணவர்களுக்கு ஆங்கிலச் சொற்பட்டியல் தயாரிக்கும் பதிப்பாசிரியர்களுக்கு,

சிங்கப்பூரில் வார இறுதிகளில், சீனாவிலிருந்து வேலைக்கு வந்த பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் ஓர் அம்மா, தன் பாட்டி கடைசிவரை ஒரு 'ஷெட்'டில் வாழ்ந்தார் என்று எழுதிக்கொண்டு வந்தார். விசாரித்தால், மண்சுவரும் ஓட்டுக்கூரையுமாக நல்ல வீடு. அவர் மேல் தப்பில்லை. கையிலிருந்த பட்டியலில் ஹட், கேபின், காட்டேஜ், ஷாக், ஷெட் என ஐந்துக்கும் எதிரே ஒரே சொல்தான்: சியாவ்வூ, அதாவது சின்ன வீடு. (தமிழில் சின்ன வீடு என்றால் வேறு விவகாரம், அதை வகுப்பில் சொல்லவில்லை.)

ஷெட்டில் மண்வெட்டியும் சைக்கிளும் கிடக்கும், ஆள் குடியிருப்பதில்லை. ஷாக் என்பது கிடைத்த பலகையையும் தகரத்தையும் வைத்து ஒப்பேற்றியது. சொல்லும்போதே கொஞ்சம் இளக்காரம் ஒட்டிக்கொள்ளும். கேபின் பெரும்பாலும் மரவீடு. லிங்கன் 1809-இல் கென்டக்கியில் பிறந்தது அப்படி ஓர் ஒற்றையறை வீட்டில்தான்.

காட்டேஜ் கதையே தனி. ஒருகாலத்தில் பண்ணைக் கூலியின் வீடு, இன்று இங்கிலாந்தில் காசுள்ளவர்கள் ஆசைப்பட்டு வாங்குவது. சீனக் கவிஞர் தூ ஃபூ 760-இல் செங்டு நகரில் போட்டுக்கொண்ட கூரைவீட்டின் நினைவிடத்துக்கு ஆங்கிலப் பெயர் 'தாட்ச்டு காட்டேஜ்'. மறு வருஷமே காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டு போக, ஒழுகும் வீட்டில் தூக்கமில்லாமல் கிடந்து அவர் பாடியதைப் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் சொகுசாகத்தான் படும். ஹட் என்று போட்டால் மரியாதைக் குறைவு என்று நினைத்தார்களோ என்னவோ! தமிழர்களான எங்களுக்கு இது புரியாததல்ல, ஏழை இருந்தால் குடிசை, முனிவர் இருந்தால் குடில், ரிசார்ட்காரரும் குடில் என்றுதான் போர்டு வைக்கிறார்.

அப்புறம் பங்களா. வங்காளத்து வீடு என்ற பொருளில் கிளம்பிய சொல். உங்கள் பட்டியலில் 'பிங்ஃபாங்', ஒற்றைத்தள வீடு. பிரிட்டனுக்கு அது சரி. ஆனால் இங்கே 'குட் கிளாஸ் பங்களா' என்றால் மனையே 1,400 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது. ஊரில் தனக்குப் பங்களா இருப்பதாக வேலையிடத்தில் சொன்ன என் மாணவர் ஒருவரிடம் மறுநாளே கடன் கேட்டு வந்துவிட்டார்கள்.

படமெல்லாம் வேண்டாம். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ஒரே வரி போடுங்கள்: எதனால் கட்டியது, யார் இருப்பார், அடுத்தவர் வீட்டை அப்படிச் சொன்னால் கோபம் வருமா. கூடவே, சந்தேகமிருந்தால் வெறும் 'ஹவுஸ்' போதும் என்றும் ஒரு குறிப்பு. பாட்டி வீட்டுக்கு அந்த அம்மா எழுதியிருக்க வேண்டியது அதைத்தான்.