அந்தப் பச்சைத் துண்டு யாருடையதுங்க?

அப்பாவின் காரியம் முடிந்து சொந்தபந்தமெல்லாம் ஊர் திரும்பியாகிவிட்டது. வீட்டில் சத்தமே இல்லை. இப்போது எழுதாவிட்டால் பிறகு என்னால் முடியாது.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த அந்த ஆறு நாளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். கோவைக்கும் காங்கயத்துக்கும் ராத்திரி பகல் பாராமல் வண்டி ஓட்டிய சித்தப்பா பையன்கள், ரத்தம் கொடுக்கப் பெருந்துறையிலிருந்து பஸ் ஏறி வந்த கல்லூரிப் பிள்ளைகள், அம்மாவை எப்படியோ ஒரு வாய் சாப்பிட வைத்த பக்கத்து வீட்டு அக்கா, பாக்கிப் பணம் பற்றி வாயே திறக்காத பொள்ளாச்சி தேங்காய் வியாபாரிகள், எல்லோருக்கும் கும்பிடுங்க. ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் வருகிறேன்.

இன்னொரு நன்றி இருக்கிறது. அதை யார் வீட்டில் போய்ச் சொல்வதென்று தெரியவில்லை.

அப்பாவை எடுத்த அன்று சாயங்காலம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. எங்கள் காங்கயம் பக்கம் மழை குறைவு. காய்கிற வெயிலும் அடிக்கிற காற்றும்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. அதை நம்பித்தான் பொள்ளாச்சித் தேங்காயும் கேரளத்துத் தேங்காயும் இங்கே களத்துக்கு வந்து, உடைத்துப் பருப்பாகக் காய்கின்றன. ஐப்பசி மாதம்தான் வயிற்றில் புளியைக் கரைக்கும். நனைந்த தேங்காய்ப் பருப்பு பூஞ்சை பிடித்துக் கருத்துவிடும். ஈரம் 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. அப்பா மீட்டரைத் தேட மாட்டார். ஒரு பருப்பை ஒடிப்பார், அந்தச் சத்தத்திலேயே சொல்லிவிடுவார்.

மண் வாசம் வந்தால் நடுராத்திரியிலும் எழுந்து களத்துக்கு ஓடுவார். அம்மா பின்னாலேயே டார்ச் பிடித்துக்கொண்டு போவார். முப்பது வருடக் குடித்தனத்தில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து வெளியே போனது சிவன்மலை முருகன் கோயிலுக்கும் மழைக்கும்தான் என்று தோன்றுகிறது. மலைக்குப் போனால், முருகன் பக்தர் கனவில் வந்து சொல்லும் பொருளை வைக்கிற உத்தரவுப் பெட்டியில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து வந்து அப்பா எங்களை உட்கார வைத்துச் சொல்லுவார். ராத்திரி எட்டு மணிக்கு எங்களோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடாத நாள் எனக்கு ஞாபகமில்லை.

அன்று முதல் துளி விழுந்தபோது அம்மா அழுகையை நிறுத்திவிட்டு, "களத்துல பருப்பு கெடக்குது, அம்மணி" என்றார். வேலையாட்கள் எல்லோரும் கேதத்துக்கு வந்திருந்தார்கள். நான் எழுந்தேன். அம்மாவே கையைப் பிடித்து, "விடு, போனாப் போகுது" என்றார்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். பருப்பு அத்தனையும் குவித்து, படுதா போட்டு, ஓரத்துக்கு ஓரம் கல் வைத்திருந்தது. உள்ளே கை விட்டால் காய்ந்த பருப்பு.

வாட்ச்மேன் தாத்தா சொன்னார். வேறு ஏதோ களத்தில் வேலை முடிந்து பெண்கள் வேனில் போய்க்கொண்டிருந்தார்களாம். வண்டியை நிறுத்தி, "கேதமான வீட்டுக் களந்தானுங்களே?" என்று கேட்டுவிட்டு பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கினார்களாம். பகலெல்லாம் வெயிலில் பருப்பு அள்ளிய கைகள். மறுபடியும் இங்கே அள்ளியிருக்கின்றன. டீ வாங்கி வரட்டுமா என்றதற்கு, மழை வருதுங்க என்று ஏறிப் போய்விட்டார்களாம். எந்தக் களம், எந்த ஊர் என்று தாத்தாவுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

படுதாவில் ஒரு கிழிசல் உண்டு. தைக்க வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த இடத்தில் ஒரு பச்சைத் துண்டை நாலாக மடித்து உள்ளே செருகியிருந்தது. தலைக்குக் கட்டியிருந்ததை அவிழ்த்து வைத்திருக்க வேண்டும். அப்படியானால் அந்த அக்கா வெறுந்தலையோடு நனைந்துகொண்டுதான் வீட்டுக்குப் போயிருப்பார். பருப்பைவிட அதை நினைத்துத்தான் நான் அதிகம் அழுதேன்.

களத்தை விற்கப் போவதில்லை. அப்பா கொடுத்த மாதிரியே சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் எல்லார் கையிலும் சம்பளம் இருக்கும். படுதாவைத் தைத்தாகிவிட்டது.

அக்கா, துண்டைத் துவைத்து ஆபீஸ் அறையில் அப்பா சட்டை மாட்டும் ஆணியில் வைத்திருக்கிறேன். இந்த வழியாகத்தானே தினமும் போவீர்கள், ஒரு நாள் வண்டியை நிறுத்துங்கள். அன்று குடிக்காமல் போன டீயை அம்மாவே போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.